அடுத்தவர் க்வெரியைப் பழுதுபார்க்க ஒரு கறுப்புத் திரை: எஸ்கியூலைட் ஷெல்

எங்கள் ஆபீஸில் எந்த டேட்டாபேஸ் கோளாறும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். "அக்கா, க்வெரி ஓடுது, ஆனா கணக்கு உதைக்குது" என்று ஒருவர் வந்து நிற்பார். (க்வெரி என்பது டேட்டாபேஸிடம் எஸ்க்யூஎல் மொழியில் கேட்கும் கேள்வி.) நாற்பது வரி க்வெரியை ஃபோனில் படம் பிடித்து, அதிலும் கடைசி மூன்று வரி வெட்டுப்பட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "பார்த்தீங்களா?" என்று கேட்பவரும் உண்டு. டேட்டாபேஸும் ஆளுக்கொன்று: ஒரு டீம் மைஎஸ்க்யூஎல், இன்னொரு டீம் போஸ்ட்கிரெஸ், பழைய கணக்குப் பிரிவு ஆரக்கிள். யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நான் முதலில் திறப்பது எஸ்கியூலைட் ஷெல்லைத்தான். வருஷக்கணக்காகப் புழங்கிய பொருள். மெச்சுவதற்கும் இருக்கிறது, திட்டுவதற்கும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: எஸ்கியூலைட்டுக்கு சர்வர் கிடையாது. டேட்டாபேஸ் முழுவதும் ஒரே ஃபைல். 2000-இல் டி. ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு மென்பொருளில் வேலை பார்த்தபோது, டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் நம் மென்பொருளும் சேர்ந்து படுக்கிறதே என்ற தொல்லையிலிருந்து தப்பிக்க எழுத ஆரம்பித்தது. இன்று ஆண்ட்ராய்டு, ஐஃபோன், குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றின் வயிற்றிலும் இருக்கிறது. நான் சொல்லவந்த ஷெல், அதனோடு வரும் தனி நிரல். கறுப்புத் திரை, ஒரு ப்ராம்ப்ட், அவ்வளவுதான். மேக்கில் ஏற்கனவே இருக்கும். உபுண்டுவில் ஒரு ஆப்ட் கட்டளை. விண்டோஸில் ஜிப்பை இறக்கிப் பிரித்தால் ஓடும். இன்ஸ்டால் செய்யும் வேலையே இல்லாததால் அட்மின் பாஸ்வேர்டுக்காக ஐடி பிரிவின் வாசலில் போய் நிற்கவேண்டாம். காசும் கிடையாது. லைசென்ஸ்கூடக் கிடையாது, பொதுச்சொத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, போஸ்ட்கிரெஸ் க்வெரியில் கோளாறு என்றால் போஸ்ட்கிரெஸிலேயே பார்க்கலாமே, இது எதற்கு? ஃபைல் பெயர் எதுவும் கொடுக்காமல் ஷெல்லைத் திறந்தால், நினைவகத்தில் ஒரு தற்காலிக டேட்டாபேஸ் தயாராகிவிடும். மூடினால் தடமே இருக்காது. என் பார்வையில் இந்தப் பொருளின் ஆகப்பெரிய வசதி இந்த வெற்று இடம்தான். உதவி கேட்டு வருபவர் கையோடு கொண்டுவருவது பதினேழு டேபிளும் லட்சக்கணக்கான வரிகளும் யாரோ எழுதிவைத்த வியூக்களும். அதற்குள் இறங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். "அதையெல்லாம் அங்கேயே விட்டுட்டு வா. ரெண்டு டேபிள், அஞ்சாறு வரி, பொய்ப் பேரு போட்டு இங்க உருவாக்கு. அதுலயும் தப்பு வருதான்னு பாப்போம்" என்பேன். வாடிக்கையாளரின் பெயரும் ஃபோன் நம்பரும் என் மேஜைக்கு வரக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த அஞ்சாறு வரியை எழுதும்போதே பாதிப் பேர் "ஓ, இங்கதானா!" என்று எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு உதாரணத்தை முழுதாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கோளாறு வேறுவேறு முகத்தோடு திரும்பத் திரும்ப வருகிறது.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி மாதாந்திர விற்பனை ரிப்போர்ட் எழுதியிருந்தான். பில்லே போடாத கடைகளும் பூஜ்யத்தோடு வரவேண்டும் என்பது கேட்டவர் நிபந்தனை. "லெஃப்ட் ஜாயின்தான் போட்டிருக்கேன் அக்கா, அப்படியும் கடை காணாமப் போகுது. மைஎஸ்க்யூஎல்ல ஏதாவது பக் இருக்குமோ?" மைஎஸ்க்யூஎல்லில் பக் இருக்கலாம், ஆனால் லெஃப்ட் ஜாயினில் இருக்காது என்று சொல்லி ஷெல்லைத் திறந்தோம். லெஃப்ட் ஜாயின் என்றால், இரண்டு டேபிளை இணைக்கும்போது இடப்பக்கத்து டேபிளின் வரி ஜோடி இல்லாவிட்டாலும் விடுபடாது. தேனி, கரூர், பழனி என்று மூன்று கடை. தேனிக்கு மார்ச்சில் இரண்டு பில், கரூருக்கு பிப்ரவரியில் ஒரு பில், பழனிக்கு ஒன்றுமில்லை.

முதலில், எந்த வரிகள் வேண்டும் என்று வடிகட்டும் 'வேர்' பகுதியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னேன். நான்கு வரி வந்தது, பழனிக்கு எதிரே பில் ஃபீல்டுகள் காலி. லெஃப்ட் ஜாயின் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. இப்போது அவன் எழுதியபடி, பில் மாதம் மார்ச்சாக இருக்கவேண்டும் என்று வேர் பகுதியில் சேர்த்தோம். தேனியின் இரண்டு வரி மட்டும் மிஞ்சியது. பழனியின் வரியில் மாதம் 'நல்', அதாவது மதிப்பே இல்லை. நல் என்பது மார்ச்சுக்குச் சமமா என்று கேட்டால் டேட்டாபேஸ் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. வேர் பகுதிக்கு ஆமாம் வந்தால்தான் வரியை உள்ளே விடும். ஆக, ஜாயின் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய கடையை வேர் வெளியே தள்ளிவிட்டது. மார்ச் நிபந்தனையை அப்படியே தூக்கி, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் 'ஆன்' பகுதிக்கு மாற்றினால் மூன்று கடையும் வந்துவிட்டது.

தம்பி கிளம்பிவிட்டான். "இரு, எண்ணிக்கையையும் பாத்துட்டுப் போ" என்று உட்காரவைத்தேன். கவுண்ட் ஸ்டார் போட்டிருந்தான். தேனி 2, கரூர் 1, பழனி 1. பில்லே போடாத பழனிக்கு எப்படி ஒரு பில்? கவுண்ட் ஸ்டார் வரியை எண்ணும், வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. காலியாக நிற்கும் வரியும் ஒரு வரிதானே. பில் எண் ஃபீல்டை கவுண்ட்டுக்குள் கொடுத்ததும் 2, 0, 0 என்று வந்தது. முதல் தப்பு மட்டும் திருத்தி அனுப்பியிருந்தால், பழனிக் கடைக்காரர் போடாத பில்லுக்கு யாராவது விளக்கம் கேட்டிருப்பார்கள். இந்த இரண்டாவது தப்பு பதினேழு டேபிள் க்வெரியில் கண்ணில் பட்டிருக்கவே படாது. மூன்று கடை இருந்ததால் பட்டது.

ஷெல்லைப் பற்றி ஒரு குறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் புழங்கிய பதிப்புகளில் நல் மதிப்பையும் வெற்று எழுத்துச் சரத்தையும் ஒரே மாதிரி காலியாகத்தான் காட்டும். பழுதுபார்க்க உட்கார்ந்தவருக்கு இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டாட் நல்வேல்யூ என்ற கட்டளையில் (டாட் கட்டளைகள் புள்ளியில் ஆரம்பிக்கும், ஷெல்லுக்கே உரியவை) நல்லுக்கு ஒரு அடையாளம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் ஒவ்வொரு புதியவருக்கும் அதைச் சொல்லித்தரவேண்டியிருக்கிறது. கூடவே டாட் மோட் பாக்ஸ். 2020-இல் வந்த 3.33 பதிப்பிலிருந்து இருக்கிறது, விடையைக் கட்டம் போட்டு அழகாகக் காட்டும். தமிழ்ப் பெயர்கள் வந்தால் என் டெர்மினலில் கட்டத்தின் வலதுகோடு கோணிக்கொண்டு போகும். அதைக் கண்டுகொள்வதில்லை.

இன்னொரு சில்லறைத் தொல்லை: கடைசியில் அரைப்புள்ளி போட மறந்து என்ட்டர் தட்டினால், ஷெல் மூன்று புள்ளியைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். "திரை தொங்கிடுச்சு அக்கா" என்பார்கள். தொங்கவில்லை, மிச்சத்தைச் சொல்லு என்று காத்திருக்கிறது.

அடுத்த கதையில் குற்றவாளி எஸ்கியூலைட்டேதான். எங்கள் மொபைல் ஆப் டீமில் ஒரு பெண் வந்தாள். ஆப்பின் டேட்டாபேஸே எஸ்கியூலைட். "பெரிய பில் எதுன்னு மேக்ஸ் போட்டா 1,200-ன்னு சொல்லுது. 98000-க்கு பில் இருக்குறது என் கண்ணு முன்னாடியே தெரியுது." தொகை ஃபீல்டு இன்டிஜர், அதாவது முழு எண் என்றுதான் அறிவிக்கப்பட்டிருந்தது. டைப்ஆஃப் என்றொரு ஃபங்ஷன் உண்டு, ஒவ்வொரு மதிப்பும் உண்மையில் எந்த வகையாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும். அதைப் போட்டு வகைவாரியாக எண்ணச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் இன்டிஜர், ஒரே ஒரு டெக்ஸ்ட். யாரோ எக்செல்லிலிருந்து ஏற்றிய ஃபைலில் 1,200 என்று காற்புள்ளியோடு இருந்திருக்கிறது. எண்ணாக மாற்ற முடியவில்லை என்றதும் எஸ்கியூலைட் எர்ரர் எதுவும் சொல்லாமல், அதை எழுத்தாகவே இன்டிஜர் ஃபீல்டுக்குள் வைத்துக்கொண்டது. அதன் வரிசைப்படி எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. அதனால் 1,200 தான் ஊரிலேயே பெரிய பில்.

இந்தத் தளர்வை உருவாக்கியவர்கள் குறையாகப் பார்க்கவில்லை. இது ஒரு வசதி என்று வாதாடித் தனிப் பக்கமே எழுதிவைத்திருக்கிறார்கள். படித்தேன், ஒப்புக்கொள்ள முடியவில்லை. கணக்குவழக்கு எழுதும் டேபிளில் எண் கேட்ட இடத்தில் எண் அல்லாததை வாங்கி வைத்துக்கொள்வது வசதி ஆகாது. ஆனாலும் 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பில் மனமிறங்கி, டேபிள் உருவாக்கும்போது முடிவில் ஸ்ட்ரிக்ட் என்று ஒரு சொல் சேர்த்தால் கறாராக நடந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஷெல்லில் அதே டேபிளை ஸ்ட்ரிக்ட்டோடு உருவாக்கி, அதே 1,200-ஐப் போட்டோம். இன்டிஜர் ஃபீல்டில் டெக்ஸ்ட் வைக்க முடியாது என்று டேபிள் பெயர், ஃபீல்டு பெயரோடு சொல்லி மறுத்துவிட்டது. "இதை ஏன் மொதல்லயே வைக்கல?" என்று அவள் கேட்டாள். பழைய நிரல்கள் எதுவும் உடையக்கூடாது என்பதில் அவர்கள் காட்டும் பிடிவாதம்தான் காரணம். அந்தப் பிடிவாதத்தால்தான் பத்து வருஷத்துக்கு முந்தைய டேட்டாபேஸ் ஃபைலும் இன்று திறக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெதுவாக ஓடும் க்வெரியைக் கொண்டுவருபவர்களுக்கும் இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளைன் க்வெரி ப்ளான் என்று சேர்த்தால், விடைக்குப் பதிலாக அதை எப்படித் தேடப்போகிறது என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் இதே கேள்விக்குக் கொடுக்கும் பதிலில் காஸ்ட், ரோஸ், விட்த் என்று எண்கள் குவிந்திருக்கும். அனுபவசாலிக்கு அது தங்கச் சுரங்கம், புதியவருக்குத் தலைசுற்றல். இங்கே இரண்டு சொல் கவனித்தால் போதும். ஸ்கேன் என்று வந்தால் முழு டேபிளையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டுகிறது. சர்ச் என்று வந்து பக்கத்தில், புத்தகத்தின் பொருளடக்கம் போலத் தேட உதவும் இண்டெக்ஸின் பெயர் இருந்தால் நேரே போய் எடுக்கிறது. தேதி ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போட்டும் மெதுவாக இருக்கிறது என்று வந்த ஒருவர், தேதியின் முதல் ஏழு எழுத்தை சப்ஸ்ட்ரிங் எடுத்து 2024-03 என்பதோடு ஒப்பிட்டிருந்தார். ஸ்கேன். இண்டெக்ஸ் முழுத் தேதிக்குத்தான் இருக்கிறது, நறுக்கிய தேதிக்கு இல்லை. மார்ச் 1-இலிருந்து ஏப்ரல் 1-க்கு முன்புவரை என்று மாற்றி எழுதியதும் சர்ச் என்று வந்தது. இது மைஎஸ்க்யூஎல்லுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் அப்படியே பொருந்தும் பாடம். டாட் எக்ஸ்பர்ட் என்றொரு கட்டளை எந்த இண்டெக்ஸ் உதவும் என்று தானே யோசனை சொல்லும். சோதனை நிலையில்தான் இருக்கிறது. சொல்வதை அப்படியே செய்யாமல் காது கொடுத்துக் கேட்டுவிட்டு முடிவு நம்முடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

எஸ்கியூலைட்டையே சர்வர் வேலைக்கு வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: டேட்டாபேஸ் இஸ் லாக்ட். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது இதன் அடிப்படை. 2010-இல் 3.7 பதிப்போடு வந்த 'வால்' முறைக்கு (மாற்றங்களை முதலில் தனிப் பதிவு ஃபைலில் எழுதும் முறை) மாற்றினால் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுக்கமாட்டார்கள். ஆனால் எழுதுபவர் அப்போதும் ஒருவர்தான். பூட்டு திறக்கக் காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட்டை ஐந்து விநாடியாக வைத்தால் பெரும்பாலும் சரியாகும். "அதெல்லாம் வெச்சாச்சு அக்கா, அப்பவும் காத்திருக்காம உடனே எர்ரர் வருது" என்றால், பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக்கும் ட்ரான்ஸாக்‌ஷனைப் படிப்பதில் ஆரம்பித்து நடுவில் எழுதப் போகிறார்களா என்று பார்ப்பேன். வால் முறையில், நாம் படித்த பிறகு வேறொருவர் எழுதிவிட்டால் நம் கையில் இருப்பது பழைய நிலவரம். எவ்வளவு காத்திருந்தாலும் அது புதிதாகாது, அதனால் உடனே மறுத்துவிடும். எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் பிகின் இமீடியட் என்று ஆரம்பிக்கவேண்டும். ஃபைலை நெட்வொர்க் டிரைவில் வைத்துக்கொண்டு வால் முறை கேட்பவர்களுக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை. அங்கே அது வேலை செய்யாது.

இனி இந்தப் பொருள் எங்கே ஆளை ஏமாற்றும் என்பது. ஷெல்லில் ஓடியதால் சர்வரிலும் ஓடும் என்று நம்பிவிடக்கூடாது. வரிகளைக் குழுவாக்கும் 'குரூப் பை' பகுதியில் சேர்க்காத ஃபீல்டை, விடையில் காட்டவேண்டியதைச் சொல்லும் செலெக்ட்டில் கேட்டால் போஸ்ட்கிரெஸ் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கும், மைஎஸ்க்யூஎல்லும் 5.7 முதல் இயல்பாகவே மறுக்கிறது. எஸ்கியூலைட் அந்தக் குழுவில் கைக்கு வந்த ஏதோ ஒரு வரியின் மதிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஒரு டேபிளில் குறிப்பிடுவது இன்னொன்றில் இருந்தே ஆகவேண்டும் என்னும் ஃபாரின் கீ எழுதியிருந்தாலும், ஒவ்வொரு இணைப்பிலும் ப்ராக்மா என்ற அமைப்புக் கட்டளை போட்டு இயக்கினால்தான் உயிர் வரும். "இல்லாத கடைக்கு பில் ஏறியிருக்கு" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒன்றை இரண்டால் வகுத்தால் இங்கேயும் போஸ்ட்கிரெஸிலும் பூஜ்யம், மைஎஸ்க்யூஎல்லில் 0.5. சதவீதக் கணக்கு முழுக்கப் பூஜ்யமாக வருகிறது என்றால் அங்கே பாருங்கள். தேதிக்கென்று தனி வகை இல்லை, ஸ்டோர்டு ப்ரொசீஜர் இல்லை, யூசர் உரிமைகள் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வரியை மாற்றுவதால் வரும் சிக்கலை இதில் உருவாக்கிப் பார்க்கவும் முடியாது. அந்த மாதிரி வழக்குகளுக்கு உள்ளபடியான சர்வரிலேயே உட்காரவேண்டியதுதான்.

இரட்டை மேற்கோள் விவகாரம் தனி ரகம். எஸ்க்யூஎல் வழக்கப்படி இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது ஃபீல்டு பெயர். எஸ்கியூலைட் அந்தப் பெயரில் ஃபீல்டு இல்லையென்றால், சரி, எழுத்துச் சரமாக இருக்கும் என்று தானாக எடுத்துக்கொள்ளும். ஃபீல்டு பெயரில் ஒரு எழுத்தை மாற்றித் தட்டிவிட்டால் எர்ரருக்குப் பதில் அந்தப் பெயரே எல்லா வரியிலும் விடையாக வந்து நிற்கும். 2023-இல் வந்த 3.41 பதிப்பிலிருந்து ஷெல்லில் மட்டும் இதை நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம், ஆனால் புதுக் குழப்பம்: நிரலுக்குள் பதித்த நூலகம் இன்னும் பழையபடி ஏற்றுக்கொள்ளக்கூடும். "என் பைத்தான்ல ஓடுது, உங்க ஷெல்லுலதான் ஓடல" என்று என்னையே ஒருமாதிரி பார்ப்பார்கள்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லெங்த் ஃபங்ஷனில் தமிழ் என்று கொடுத்தால் 5 என்று வரும். துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. போஸ்ட்கிரெஸும் அப்படித்தான், எனவே இதை எஸ்கியூலைட்டின் தலையில் கட்டமுடியாது. பெயர் ஃபீல்டுக்கு நீள வரம்பு வைப்பவர்களும், சப்ஸ்ட்ரிங் எடுத்து முதலெழுத்து காட்டுபவர்களும் நினைவில் வைக்கவேண்டும்.

இத்தனை குறை சொல்லும் எனக்கு இவர்கள்மேல் மரியாதை குறையாததற்கு ஒரு பக்கம் காரணம். எஸ்கியூலைட் தளத்திலேயே, எங்கள் பொருளில் இன்னின்ன விநோதங்கள் இருக்கின்றன, இன்னின்ன இடத்தில் காலை விடுவீர்கள் என்று அவர்களே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபாரின் கீ, இரட்டை மேற்கோள், தளர்வான வகைகள் எல்லாம் அதில் இருக்கிறது. மென்பொருள் விற்பவர்கள் தங்கள் ஓட்டைகளை ஆறாம் பக்கத்து அடிக்குறிப்பில் வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆபீஸ் லேப்டாப்பில் எந்த ஃபைலையும் இறக்கவிடமாட்டார்கள் என்பவர்களுக்கு, அதே தளத்தில் ஃபிடில் என்றொரு பக்கம் இருக்கிறது. எஸ்கியூலைட் முழுதும் பிரவுசருக்குள்ளேயே ஓடும். இதேபோல் க்வெரி ஓட்டிப் பார்க்கும் வேறு பல தளங்களில் நாம் தட்டுவது அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் விடை வரும். இங்கே டேபிளும் வரியும் நம் கணினியைத் தாண்டுவதில்லை. அதற்காக நிஜ வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுபோய் ஒட்டவேண்டாம். தூரத்தில் இருப்பவருக்கு உதவும்போது, டாட் டம்ப் கொடுத்தால் டேபிளும் வரிகளும் எஸ்க்யூஎல் உரையாக வந்துவிடும். அதைச் சாட்டில் அனுப்பினால், அவர் திரையில் இருப்பதே என் திரையிலும். படம் பிடித்து அனுப்பும் ஆட்களிடமிருந்து எனக்குக் கிடைத்த விடுதலை அதுதான். விடையை எக்செல்லில் பார்த்தால்தான் நம்புவேன் என்னும் கணக்குப் பிரிவு ஆட்களுக்கு டாட் எக்செல் இருக்கிறது. அடுத்து ஓடும் க்வெரியின் விடையை நேரே எக்செல்லில் திறந்துவிடும்.

வாங்குவது என்ற பேச்சே இல்லாததால் மதிப்பெண் கொடுப்பது விநோதமாக இருக்கிறது. கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது அந்த 1,200-க்காக. இறக்கியதும் ஷெல்லைத் திறந்து டாட் வெர்ஷன் என்று தட்டிப் பாருங்கள், குறிப்பாக மேக்கில் கூடவே வந்ததை நம்பி இருப்பவர்கள். 3.37-க்குக் கீழே இருந்தால் ஸ்ட்ரிக்ட் கிடையாது. 3.39-க்குக் கீழே இருந்தால் ரைட் ஜாயினும் ஃபுல் ஜாயினும் கிடையாது, ஆரக்கிளிலிருந்து க்வெரி கொண்டுவருபவர்கள் அங்கேதான் முதலில் முட்டிக்கொள்வார்கள்.